உண்டவர் உணர்வரோ?

உடம்பை ஓம்புதல் உயிரை ஓம்புதலேயாம் என்பது நம் முன்னோர் கொள்கை. மாணவர்க்கு அஃது இன்னும் ஒரு மடங்கு மிகுதியாகப் பொருந்தும். தேர்வு நாள் நெருங்குங்கால் கண்ணும் தலையும் முதுகும் ஒருங்கே முறையிடத் தொடங்கும். இரவிற் கண்விழிப்பு மிகும். காலையுணவு பெரும்பாலும் தவறும். அந்நாள்களில் நம் விடுதி அறை ஒன்றனுள் நுழைவார், சாளரப் பலகையின்மேல் ஒருபுறம் பாடநூல்களும் மறுபுறம் சத்து மாத்திரைக் குப்பிகளும் வரிசையாக நிற்றலைக் காண்பர். ஒன்று எல்லா உயிர்ச்சத்தும் அடங்கியது என்பர், ஒன்று நினைவாற்றலை வளர்ப்பது என்பர், மற்றொன்று மீனெண்ணெய், பிறிதொன்று புரதப் பொடி. அவற்றை உண்போரை நோக்கி, "இவற்றாற் பயன் உண்டோ?" என்று வினவினால், வரும் விடை பெரும்பாலும் ஒன்றே: "உண்டு பார்த்தேன், உடம்பில் தெரிகிறது."

இவ்விடை ஆராய்தற்குரியது. உண்ட சத்து உடம்பிற் செய்யும் பயனை உண்டவர் தம் உணர்வால் அறிதல் கூடுமோ? சிலவிடத்துக் கூடும், பலவிடத்துக் கூடாது. எவ்விடத்துக் கூடும் என்பதை அறியாமையால் நம்மவர் இருவகையாகவும் இழப்படைகின்றனர். இதனையே யாம் ஈண்டு எடுத்துக்காட்டப் புகுந்தோம். யாம் மருத்துவம் பயில்வார் அல்லோம், தமிழ் பயில்வோம். ஆயினும், ஒரு சொல் எதனைச் சுட்டுகிறது, எதனைச் சுட்டவில்லை என்று நுணுகி நோக்குதல் எம் வகுப்பின் தொழில். 'தெரிகிறது' என்னும் இச்சொல்லையும் அவ்வாறே நோக்கின் என்ன?

முதற்கண், உண்மையாகவே உணர்ந்தவர் சிலரைக் காண்போம். 1747ஆம் ஆண்டில், சாலிஸ்பரி என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்பவர் மருத்துவராய் இருந்தார். நெடுநாள் கடலிற் கிடந்த மாலுமிகளை ஸ்கர்வி என்னும் கொடுநோய் பற்றிற்று. ஈறு வீங்கிக் குருதி கசியும், முழங்கால் தளரும், எழுந்து நிற்கவும் வலியிராது. லிண்ட் அந்நோயாளர் பன்னிருவரை ஒரே இடத்திற் கிடத்தி, ஒரே வகையான பொதுவுணவு கொடுத்து, இருவர் இருவராக ஆறு கூறாக்கி, கூறுதோறும் வெவ்வேறு மருந்து அளித்தார். ஒரு கூற்றார்க்குக் காடி. ஒரு கூற்றார்க்குக் கடல்நீர். ஒரு கூற்றார்க்கு ஆப்பிள் மது. இவ்வாறாக ஒரு கூற்றார்க்கு மட்டும் நாள்தோறும் ஆரஞ்சுப்பழம் இரண்டும் எலுமிச்சம்பழம் ஒன்றும். ஆறு நாளிற் பழம் தீர்ந்துபோயிற்று. அதற்குள் அவ்விருவருள் ஒருவர் வேலைக்கு எழுந்துவிட்டார். மற்றவர் ஏனைய நோயாளர்க்குப் பணிவிடை செய்யுமளவு தேறினார்.

மாலைக்கண் நோயை நம் நாட்டார் நெடுங்காலமாக அறிவர். பொழுது சாய்ந்தபின் வாயிற்படி தெரியாமல் தடுமாறும் குழந்தைக்கு, அதன் காரணம் 'ஏ' உயிர்ச்சத்தின் குறையேயாயின், அச்சத்தைக் கொடுத்த இரண்டொரு நாளிலேயே மாலைப்பார்வை திரும்பிவிடும். இனி, 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் உழைத்த கருவுற்ற ஏழைப் பெண்டிரை வாட்டிய கடுஞ்சோகை ஒன்றனை ஆராய்ந்தார். நம் நீலகிரிக் குன்னூரிலும் சிலகாலம் அவ்வாராய்ச்சியை நடத்தினார். ஈஸ்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்னும் மலிவான உணவுப்பொருள் அச்சோகையைத் தீர்த்தலைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அதனுள் மறைந்து நின்ற பொருள் பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர்பெற்றது. 1941இற் கீரையினின்று அதனைப் பிரித்தெடுத்தோர், 'இலை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாக அப்பெயரை இட்டனர்.

அம்மாலுமியும், அக்குழந்தையும், அத்தாயும் தாம் உண்டதன் பயனைத் தம் உடம்பிற் கண்டனர். அதனை மறுப்பார் யாருமிலர். ஆனால், இம்மூவரிடத்தும் பொதுவாக நின்றது ஒன்று உண்டு. அது குறை. அவர்க்கு இல்லாதிருந்தது எதுவோ, அதுவே அவர்க்குக் கொடுக்கப்பட்டது.

நம் ஊர் ஏரியை எடுத்துக்கொள்வோம். கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரிக்குள் வாய்க்கால் நீர் புகுமாயின், அதன் வரவை ஊரார் அனைவரும் அறிவர். மண் நிறம் மாறும், மணம் எழும், பறவைகள் கூடும். கரை தளும்ப நிறைந்த ஏரிக்குள் அதே நீர் புகுமாயின், கலிங்கின் வழியே வெளியேறிப் போகும். ஏரி அறியாது, ஊரும் அறியாது. உயிர்ச்சத்துகளிற் பல இவ்வியல்பினவே. பல்சத்து மாத்திரை உண்டார்க்குச் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சள் நிறம் பெறும். மாத்திரை வேலை செய்கின்றது என்று அதனைக் கருதுவார் உளர். உண்மையில் அது ரைபோஃபிளேவின் என்னும் 'பி' வகைச் சத்து. உடம்பு வேண்டியது போக எஞ்சியதை வெளியே தள்ளுகின்றது. அது கலிங்கில் வழிந்த நீரேயன்றி வயலிற் பாய்ந்த நீரன்று.

அங்ஙனமாயின், குறை எதுவும் இல்லாதவரும் 'தெரிகிறது' என்பது எதனால்? அவர் பொய் கூறுகின்றனரோ? அற்றன்று. அவர் உணர்வது மெய்யே. உணர்ச்சியின் காரணமாக அவர் கூறுவதே பிழை. எம் விடுதியில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும்.

சென்ற ஆண்டுத் தேர்வுக்கு முன் எம் அறைத்தோழர் ஒருவர் புதிதாக வாங்கிய பல்சத்து மாத்திரையைப் பெரிதும் நம்பினார். யாம் ஐயுற்றோம். சொல்லாடல் முற்றி, ஈற்றில் அவரே மனமுவந்து ஒரு சோதனைக்கு இசைந்தார். வேதியியல் பயிலும் நண்பர் ஒருவர், அவ்வுறை மாத்திரைகளுட் பத்தினைத் திறந்து, உள்ளிருந்த பொடியை அகற்றி, அரிசி மாவை நிரப்பி மூடினார். பத்து நாள் மெய்ம்மாத்திரை. பத்து நாள் மாவு மாத்திரை. எது முன், எது பின் என்பது காசு சுண்டி முடிவு செய்யப்பட்டது. அம்முடிவு வேதியியலார் ஒருவர்க்கே தெரியும். அறைத்தோழர் இரவுதோறும் தம் உடல்நிலையை ஓர் ஏட்டிற் குறித்துவர வேண்டும் என்பது ஏற்பாடு.

முதற் பத்து நாளுள் எட்டு நாள், 'புத்துணர்ச்சி மிக்கது', 'நெடுநேரம் படிக்க இயன்றது' என்று அவர் எழுதினார். பன்னிரண்டாம் நாட் காலையில் விரைந்து வந்து, "இப்போது உண்பதுதான் மெய்ம்மாத்திரை, ஐயமே இல்லை" என்றார். எவ்வாறு அறிந்தீர் என்று வினவினோம். சற்றே நாணி, சிறுநீர் மஞ்சளாயிற்று என்றும், முன் பத்து நாளும் அந்நிறம் இருந்ததில்லை என்றும் விடை தந்தார். சொல்லி முடிக்கும்போதே அவர்க்குத் தம் ஏடு நினைவிற்கு வந்தது. எட்டு நாட் புத்துணர்ச்சியும் அரிசி மாவு தந்தது! அவர் நகைத்தார், யாமும் நகைத்தோம். அன்று தொட்டு எம் அறையில் அரிசி மாவும் ஒரு டானிக்காகப் பேசப்படுகின்றது.

ஒருவர்பாற் செய்த இருபது நாட் சோதனை எதனையும் நிறுவாது என்பதை யாம் அறிவோம். ஆயின், இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று அறிவியலார் நடுவிலேயே பெரிய அளவில் நிகழ்ந்துள்ளது. லினஸ் பாலிங் என்னும் பேரறிஞர், 'சி' உயிர்ச்சத்தை மிகுதியாக உண்டாற் சளிநோய் அணுகாது என்று 1970இல் ஒரு நூல் எழுதினார். அதனைச் சோதிப்பான் வேண்டி, அமெரிக்க நாட்டுத் தேசிய உடல்நல நிறுவனங்களின் பணியாளர் 311 பேர் முன்வந்தனர். சிலர்க்கு நாள்தோறும் மூன்று கிராம் 'சி' சத்து. சிலர்க்கு அதனைப் போன்ற உறையிற் பால்சர்க்கரை. யார்க்கு எது என்பதை அவர் அறியலாகாது. ஆனால் அவருட் பலர் உறையைத் திறந்து நாவிற் சுவைத்துவிட்டனர்! ஒன்று புளிக்கும், ஒன்று புளியாது. 1975இல் வெளிவந்த முடிவு யாது? தாம் உண்பது இன்னதென ஊகித்தவரிடத்தே சளிநோயின் கால அளவில் வேற்றுமை தோன்றிற்று. ஊகியாதவரிடத்து அவ்வேற்றுமை இல்லை. எம் தோழர்க்குக் கண் காட்டிக்கொடுத்தது. அவர்க்கு நாக்குக் காட்டிக்கொடுத்தது.

நடுவுநிலைமை கருதி ஒன்று கூறுதும். பிற்காலத்தில் அத்தகைய சோதனைகள் பலவற்றையும் ஒருங்கு தொகுத்து நோக்கியோர், நாள்தோறும் 'சி' சத்து உண்ணும் பெரியோர்க்குச் சளிநோயின் கால அளவு நூற்றுக்கு 8 பங்கு குறைதலை 2013இல் எடுத்துக்காட்டினர். ஆகவே பயன் அறவே இல்லை என்பதன்று. பத்து நாள் நீடிக்கும் சளி ஒன்பது நாளும் சிறிது பொழுதும் நீடிப்பின், அக்குறைவை ஒருவர் தம் உடம்பில் உணர்தல் யாங்ஙனம்? அதனை ஆயிரக்கணக்கானோரை ஒப்பிட்டு எண்ணிய ஏடு அறியும். ஒரு தனி உடம்பு அறியாது.

இதுகாறும் கூறியது, உணர்ச்சி இருந்தும் பயனில்லாத இடம். இனி, பயன் இருந்தும் உணர்ச்சி இல்லாத இடத்தை நோக்குவோம், இதுவே பெரிது.

மேற்கூறிய ஃபோலிக் அமிலத்தையே கொள்வோம். கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் முதற்சில வாரங்களில் அச்சத்துக் குறையுமாயின், குழந்தைக்கு மாறாத ஊனம் நேரலாம். முன்பு அவ்வாறு ஊனமுற்ற மகவை ஈன்ற தாய்மார் 1,817 பேர் ஏழு நாடுகளில் ஒரு சோதனையிற் சேர்க்கப்பட்டனர். அதன் முடிவு 1991இல் வெளிவந்தது. அவ்வூனத்தோடு கண்டறியப்பட்ட மகவு 27. அவற்றுள் 21, ஃபோலிக் அமிலம் பெறாத தாய்மாருடையவை. பெற்ற தாய்மாருடையவை 6 மட்டுமே. பயன் இத்துணைத் தெளிவாக இருந்தமையால், அச்சோதனை குறித்த காலத்திற்கு முன்னரே நிறுத்தப்பட்டது. அம்மாத்திரையை உண்ட தாய் ஏதேனும் உணர்ந்திருப்பாளோ? ஒன்றும் உணர்ந்திராள். ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் காத்த பொருள், ஒரு கோப்பைக் காப்பி தரும் கிளர்ச்சியைத்தானும் தரவில்லை.

தீங்கும் அவ்வாறே மறைந்து வரும். பின்லாந்து நாட்டிற் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக்கொண்டு செய்த சோதனை ஒன்று 1994இல் வெளிவந்தது. காரட்டு முதலியவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்து நுரையீரற் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, அதனை மாத்திரையாக்கிச் சிலர்க்குக் கொடுத்தனர். தடுக்கவில்லை; அதனை உண்டவரிடத்தே அந்நோய் நூற்றுக்கு 18 பங்கு மிகுந்து காணப்பட்டது. உண்ட காலத்தில் அவருள் எவரேனும் அதனை உணர்ந்து மாத்திரையை விட்டெறிய இயன்றிருக்குமோ? இயன்றிராது. நன்மையையும் காணாத, தீமையையும் காணாத இவ்வுணர்வையோ நாம் நடுவராக அமர்த்துவது?

குன்னூரில் 1920களில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் வெள்ளெலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, இந்திய மக்களின் பலவகை உணவுகளை ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒவ்வொன்றாக அளித்தார். சீக்கியர் உணவாகிய முழுக்கோதுமையும் பாலும் காய்கறியும் உண்டவை நன்கு வளர்ந்தன. சென்னை மாகாணத்தாரின் அரிசியுணவு உண்டவை எல்லாவற்றினும் பின்தங்கின. அவ்வெலிகள் தமக்குத் தெம்பாயிருக்கிறதென்று கூறவில்லை, தராசு கூறிற்று. நம் உணவின் குறையை நமக்கு முதலில் அறிவித்தவற்றுள் வாய்பேசா எலியும் ஒன்று என்பது நாம் சற்றே நாணத்தக்கது.

நிற்க. இவையெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துச் செய்தி. நமக்கென்ன என்று கேட்பார்க்கு, நம் வீட்டுச் செய்தி ஒன்று கூறுவோம்.

யாம் பள்ளியிற் பயின்ற காலத்து, வாரத்தில் ஒருநாள் எங்கள் கையில் நீலநிற மாத்திரை ஒன்று வைக்கப்படும். இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்தது. அரசு விலையின்றி அளிப்பது. அதனை உண்டால் வயிறு சற்றுப் புரளும், மலம் கறுக்கும், வேறொன்றும் தெரியாது. ஆதலின் ஆசிரியர் முகம் திரும்பியவுடன் அது மதிற்சுவருக்கு அப்பாற் பறக்கும். எறிந்தாருள் யாமும் ஒருவரே. எம் தங்கையும் அவ்வாறே எறிந்தாள். அவள் மாலைதோறும் புத்தகத்தின்மேல் தலைசாய்த்து உறங்குவாள்; மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பாள். சோம்பல் என்று வீட்டார் கடிந்தனர், யாமும் கடிந்தோம். அவளும் தன்னைச் சோம்பேறி என்றே நம்பினாள். பத்தாம் வகுப்பில், ஒரு மருத்துவ முகாமில் அவள் குருதியைச் சோதித்தனர். பன்னிரண்டு கிராமேனும் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் எட்டு கிராமே இருந்தது. மருத்துவர் அளித்த இரும்பு மாத்திரையை அம்மா நாள்தோறும் எதிரில் நின்று உண்பித்தார். முதல் மூன்று வாரம் வயிற்றுப் புரட்டலன்றி வேறு பயன் தெரியவில்லை என்று அவள் அழுதாள். ஏறக்குறைய இரண்டு திங்கள் சென்றபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்புகையில் அம்மா, "இன்று கீர்த்தனை முடியும்வரை நீ உட்காரவில்லையே, கவனித்தாயா?" என்றார். அவள் கவனிக்கவில்லை. நோயின் வரவையும் அவள் உணரவில்லை. அதன் போக்கையும் அவள் உணரவில்லை. இரண்டனையும் பிறர் கண்டே கூறவேண்டியதாயிற்று.

இஃது ஒரு வீட்டுச் செய்தி மட்டுமன்று. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுடையர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53.4 பேர். நம் கல்லூரியின் வகுப்பறைகளிலும் அவர் இல்லாமலிரார். அவருட் பலர் தம்மைச் சோகையர் என்று அறியார். சோம்பேறி என்றே எண்ணுவர். மெல்ல மெல்ல வந்த தளர்ச்சியை உடம்பு தன் இயல்பென்றே ஏற்றுக்கொள்ளுமாதலின் என்க.

ஆகவே, நாம் செய்வது இதுவாக முடிகின்றது. குறையில்லாதார், 'தெரிகிறது' என்று சொல்லி விலையுயர்ந்த மாத்திரையை வாங்குகின்றனர். குறையுடையார், 'தெரியவில்லை' என்று சொல்லி விலையில்லா மாத்திரையை எறிகின்றனர். இரண்டும் ஒரே பிழை. உணர்ச்சியை நடுவராக்கிய பிழை.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவது உண்டு. "நம்பிக்கையால் தெம்பு வருமாயின், அதனாற் கேடென்ன? அரிசி மாவேயாயினும் எட்டு நாள் நன்றாகப் படித்தாரன்றோ?" என்பர். இம்மறுப்பைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. நம்பிக்கையின் ஆற்றலை யாம் எள்ளோம், நம்பிக்கையில் வளர்க்கப்பட்டோம். எனினும் கேடு மூன்று உண்டு. முதலாவது, அக்குப்பியின் விலை. நம்முட் பலர்க்கு அது தந்தையாரின் ஒருநாட் கூலி. அரிசி மாவுக்கு அவ்விலை மிகை. இரண்டாவது, சோர்வு என்பது உடம்பு அனுப்பும் ஓலை. அது சோகையை அறிவிக்கலாம், தைராய்டுக் குறையை அறிவிக்கலாம், காசநோயை அறிவிக்கலாம், உறங்காமையை மட்டும் அறிவிக்கலாம். ஓலையைப் படியாமல் தூதனுக்குச் சர்க்கரை கொடுத்து அனுப்பினால் செய்தி அழிந்துவிடுமோ? மூன்றாவது, மிகையும் நஞ்சாகும். 'ஏ', 'டி' என்னும் உயிர்ச்சத்துகள் கலிங்கில் வழிந்து போவன அல்ல; உடம்பிலேயே தங்குவன. 'ஏ' மிகின் ஈரலைத் தாக்கும். 'டி' அளவிறந்து மிகின் குருதியிற் சுண்ணச்சத்தைப் பெருக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அன்றியும், உணர்ச்சிமேலேயே செய்த சோதனையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 18,353 பேரைக்கொண்டு, நாள்தோறும் 'டி' சத்து உண்பார்க்கு மனச்சோர்வு குறையுமோ என்று ஐந்தாண்டளவும் ஆராய்ந்தனர். உண்டார்க்கும் உண்ணார்க்கும் மனநிலையில் வேற்றுமை இல்லை என்பது 2020இல் வெளிவந்தது. தேர்வுக்காலத்து மனத்தளர்ச்சிக்கு அக்குப்பியை நாடுவோர் இதனை நினைவிற் கொள்ளுக.

அங்ஙனமாயின் எவ்வாறு அறிவது? இதற்கு விடை, நம் மறைநூலிலேயே, தானியேலின் ஆகமத்து முதல் அதிகாரத்திலே உள்ளது. பாபிலோனிய அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட தானியேலும் தோழர் மூவரும் அரசனின் உணவை மறுத்து, மரக்கறியும் தண்ணீருமே கேட்டனர். அவர்கள் மெலிந்தாற் பழி தம்மேல் வருமென்று அரண்மனையார் அஞ்சினர். அப்போது தானியேல் செய்தது யாது? "எமக்கு இவ்வுணவே ஏற்கும், எம் உடம்பு அறியும்" என்று அவர் வாதிடவில்லை. பத்து நாள் சோதித்துப் பார்க்குமாறும், அதன்பின் அரசவுணவு உண்ணும் இளைஞரின் முகத்தோடு தம் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்குமாறும் விசாரணைக்காரனை வேண்டினார். கால எல்லை ஒன்று. ஒப்பிடுதற்கு வேறு கூட்டம் ஒன்று. தீர்ப்பளிப்பவரோ உண்டவர் அல்லர், பார்த்தவர். அவர்கள் முகம் களையாயிருந்தது இறைவன் அருளாலே என்பது நம் விசுவாசம். அதனோடு, தம் சொல்லைப் பிறர் கண்முன் சோதனைக்கு உட்படுத்திய அத்தாழ்மையும் நாம் கற்றற்குரியது. லிண்ட் கப்பலிற் செய்ததும் ஏறக்குறைய அம்முறையே.

எனவே, குப்பி ஒன்றை யாரேனும் நம்மிடம் புகழும்போது மூன்று வினா வினவுவோமாக: எத்துணை நாள்? யாரோடு ஒப்பிட்டு? தீர்ப்பளித்தவர் யார்? இம்மூன்றற்கும் விடையில்லையாயின், குப்பி கடையிலேயே இருக்கட்டும்.

நம் கல்லூரித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் நம் உயரத்தையும் எடையையும் குறிப்பது போல, ஒரு துளிக் குருதியையும் எடுத்து ஹீமோகுளோபின் அளவைக் குறித்தல் அரிய செயலன்று. சோகையுடையார் இன்னார் என்று தெரிந்தபின், மருத்துவர் சொற்படி இரும்பு மாத்திரை கொடுக்கலாம். விடுதி உணவுக் குழுவினர் வாரத்தில் மூன்று நாளேனும் கீரையும், இலையோரத்தில் ஓர் எலுமிச்சந் துண்டும் வைப்பாராக. எலுமிச்சையின் 'சி' சத்து இரும்பை உடம்பு ஏற்றற்குத் துணைபுரியும். உணவோடு தேநீர் அருந்தும் வழக்கத்தை மாணவர் கைவிடுக. அஃது அவ்விரும்பைத் தடுக்கும். இறைச்சி, மீன், முட்டை, பால் எதனையும் உண்ணாதார்க்கு மட்டும் 'பி12' என்னும் சத்து மாத்திரையாகவேனும் வேண்டப்படும். மரஞ்செடிகளில் அஃது இல்லை. அவர் அதனை மருத்துவரைக் கேட்டு உண்பது மடமையன்று, அறிவுடைமையே.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பத்துக் குறளுள் மருந்து ஒன்றன் பெயரேனும் இல்லை. முற்பகுதி, பசித்து அளவோடு உண்ணுதலைக் கூறும். பிற்பகுதி, நோயையும் அதன் காரணத்தையும் தேடி அறிந்த பின்னரே மருத்துவன் செயற்படுதலைக் கூறும். தேடி அறிதல் என்பதை அவர் நோயாளியின் உணர்ச்சிக்கு விடவில்லை. நோக்குவான் ஒருவனுக்கே விட்டார். எம் வகுப்பில் இவ்வதிகாரத்தைப் பலகாலும் ஓதியிருந்தும், இப்பொருள் எமக்குப் புலப்பட்டது அரிசி மாவு தந்த புத்துணர்ச்சிக்குப் பின்னரே.

அன்பர்களே, உணர்வைப் பழித்தல் எம் கருத்தன்று. பசியையும் வலியையும் அறிவிக்கும் அத்தூதன் இன்றி ஒரு நாளும் வாழ்தல் இயலாது. செய்தி கொணர்தல் தூதன் கடமை. தீர்ப்பளித்தல் அவன் கடமையன்று. சோர்வு தோன்றுமாயின், முதலில் உறங்குக. பிறகு காலையில் உண்ணுக. அதன்பின்னும் நீங்காதாயின் குருதியைச் சோதிக்கச் செய்க. குறை உண்டெனின், மாத்திரையை உண்டு, ஒன்றும் தெரியாவிடினும் விடாது உண்க. இவ்வாண்டு விடுதிக்கு வரும் இளைய மாணவியர் மாணவருள் ஒருவரேனும், தம்மைச் சோம்பேறி என்று நினையாமல் மருத்துவமனைக்குச் சென்று விரல் நீட்டுவாராயின், இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதாகும். உடலும் உள்ளமும் தந்த இறைவன் அதற்கு அருள்புரிவானாக.